வேலூரிலிருந்து குல்மார்க்: பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளப் போகிறவர்களுக்கு

வேலூரில் எந்த டிராவல்ஸில் போய்க் காஷ்மீர் என்று கேட்டாலும், கையில் கொடுக்கும் காகிதம் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருக்கும். ஐந்து நாள், நாலு ஊர். தால் ஏரியில் படகு, ஒரு நாள் குல்மார்க், ஒரு நாள் பஹல்காம், ஒரு நாள் சோனாமார்க். குல்மார்க் போகும் நாளில் அரை மணி நேரம் காலில் ஸ்கீ என்னும் சறுக்குப் பலகையை மாட்டிவிட்டு, ஒருவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். நாலு போட்டோ எடுத்ததும் கழற்றிவிடுவார்கள். பனியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் ஆசை என்றால் அந்தத் திட்டமே போதும், குறை சொல்ல ஒன்றும் இல்லை.

சறுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் அது உதவாது. சொந்தக் காலில் ஒரு சரிவில் இறங்கி, வேண்டிய இடத்தில் நிற்கத் தெரிவதற்கு ஒரே ஊரில், ஒரே பயிற்சியாளரிடம், தொடர்ந்து நாலைந்து நாள் வேண்டும். முதல் நாள் கற்றதை இரவுத் தூக்கத்துக்குப் பிறகு மறுநாள் உடம்பே எடுத்துக்கொடுக்கும். நடுவில் ஒரு நாள் பஹல்காம் போய்வந்தால் அது அறுந்துபோகும். ஆகவே ஊர் சுற்றுவதை இன்னொரு பயணத்துக்கு ஒத்திவைத்துவிட்டு, இந்தத் தடவை பனிச்சறுக்குக்கு மட்டும் என்று முதலிலேயே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மற்ற ஏற்பாடுகளெல்லாம் அதன் பிறகுதான்.

எந்த ஊர்

இந்தியாவுக்குள் புதியவர்கள் யோசிக்க வேண்டிய இடங்கள் மூன்று: காஷ்மீரில் குல்மார்க், உத்தராகண்டில் ஆலி, இமாசலத்தில் சோலாங்.

என் பரிந்துரை குல்மார்க். ஊரே சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனி நம்பிக்கையாக விழும். தொடக்கநிலைக்காரர்களுக்கு ஊருக்குள்ளேயே மெல்லிய சரிவுகள் உண்டு. தேறியவர்களுக்கு மலைமேல் ஏற்றிவிடும் கோண்டோலா என்ற ரோப் கார் இருக்கிறது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்தியப் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனம் இங்கேதான் உள்ளது. கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் 2020 முதல் இங்கே நடக்கின்றன. வாடகைக்கு உபகரணம், பயிற்சியாளர், தங்குமிடம் மூன்றும் நடந்து போகும் தூரத்தில் கிடைப்பது பெரிய வசதி.

ஆலி அழகில் குறைந்ததல்ல. நந்தா தேவி நேர் எதிரே நிற்கும். 2011இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்த சரிவு அது. கர்வால் மண்டல் விகாஸ் நிகாம் அங்கே 7 நாள், 14 நாள் பயிற்சிகள் நடத்திவந்திருக்கிறது. ஆனால் ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் வரை மலைப்பாதையில் ஒரு முழுப் பகல் உட்கார்ந்து போக வேண்டும். 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் உள்வாங்கியபோது அங்கிருந்து ஆலிக்குப் போகும் ரோப் காரும் நின்றது. பதிவு செய்வதற்கு முன் அதன் நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சோலாங் மனாலியிலிருந்து 13 கிலோமீட்டர்தான். ஆனால் பனி சில ஆண்டுகளில் பிந்தி வரும், கூட்டமும் அதிகம். மனாலியில் உள்ள அடல் பிஹாரி வாஜ்பாய் மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சியில் இடம் கிடைத்தால் மட்டும் அதைத் தேர்ந்தெடுங்கள். இதுபோன்ற அரசு நிறுவனப் பயிற்சிகளில் உபகரணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் பெரும்பாலும் கட்டணத்துக்குள் அடங்கிவிடும். ஒழுங்கும் ராணுவத்தனமாக இருக்கும். தனியாகப் போகும் இளைஞர்களுக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. வயது வரம்பும் மருத்துவச் சான்றிதழும் கேட்பார்கள். இடங்களும் சீக்கிரம் நிரம்பிவிடும்.

வெளிநாடு என்றால் முதல் தடவைக்கு அல்மாட்டி பக்கத்தில் உள்ள ஷிம்புலாக்கைச் சொல்வேன். கஜகஸ்தானுக்கு இந்தியர்கள் 14 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் போக வேண்டுமானால் அந்த நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு கட்டாயம். அந்தக் காப்பீட்டில் பனிச்சறுக்கு விபத்து சேருமா என்று தனியாகக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் அது சேராது. இந்தியாவுக்குள் போகிறவர்களும் தங்கள் மருத்துவக் காப்பீட்டில் இதையே பார்க்க வேண்டும். ‘சாகச விளையாட்டு’ என்ற ஒரே சொல்லைக் காட்டிப் பணத்தை மறுத்துவிடுவார்கள்.

எப்போது

குல்மார்க்கில் டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை பருவம். காஷ்மீரிகள் டிசம்பர் 21 முதல் 40 நாளைச் சில்லை கலான் என்பார்கள். ஆண்டின் கொடுங்குளிர் அதுதான். நம் பொங்கல் விடுமுறை அதன் நட்டநடுவில் வந்து விழுகிறது.

அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் போகலாமே என்று பலர் நினைப்பார்கள். வேண்டாம். டிசம்பர் கடைசியில் பனி போதாமல் போகும் ஆண்டுகள் உண்டு. 2024 ஜனவரியில்கூடக் குல்மார்க் வெறும் தரையாகக் கிடந்து, வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். புத்தாண்டுக் கூட்டமும், கூட்டத்தோடு ஏறும் வாடகையும் இருக்கும். டெல்லியில் மூடுபனி, விமானங்களும் ரயில்களும் மணிக்கணக்கில் தாமதம். பிப்ரவரி முதல் மூன்று வாரம்தான் சரியான காலம். பனி கெட்டியாகச் சேர்ந்திருக்கும், பகலும் கொஞ்சம் நீண்டிருக்கும். வீட்டில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை இருந்தால் அந்த ஆண்டு தேர்வு முடியட்டும். மார்ச் மாத இறுதியில் போனால் பனி ஈரமாகிக் காலை இழுக்கும், கற்பது இரட்டிப்பு வேலை.

போகும் வழி

சென்னை விமானநிலையம் நமக்கு மூன்று மணி நேரத்துக்குள். பெங்களூரும் முடியும், ஆனால் விமானநிலையம் ஊருக்கு வடக்கே இருப்பதால் நகர நெரிசலைக் கணக்கில் வையுங்கள். ஸ்ரீநகருக்குப் பெரும்பாலும் டெல்லியில் மாறித்தான் போக வேண்டியிருக்கும். இரண்டு விமானத்துக்கும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். முதல் விமானம் மூடுபனியில் பிந்தினால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பாகும். தனித்தனியாக எடுத்தால் நஷ்டம் உங்களுடையது.

ரயிலில் போகிறவர்களுக்குக் காட்பாடியே வாசல். கன்னியாகுமரியிலிருந்து கட்ரா போகும் வாராந்திர ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் காட்பாடி வழியாகத்தான் போகிறது. 2025 ஜூனில் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ஓடத் தொடங்கியதால், காட்பாடியில் ஏறி ஒரே ஒரு தடவை மாறி ஸ்ரீநகர் வரை தண்டவாளத்திலேயே போய்ச் சேர முடிகிறது. கட்ராவிலிருந்து சுமார் மூன்று மணி நேரம். ஆற்றுக்கு 359 மீட்டர் மேலே நிற்கும் செனாப் பாலத்தைக் கடப்பீர்கள். பனிக்காலத்தில் ஜம்மு–ஸ்ரீநகர் சாலை அடிக்கடி மூடிவிடும் என்பதால் இந்த ரயில் பெரிய வரம். ஹிம்சாகர் நாள் ஒத்துவரவில்லை என்றால் தினசரி ஓடும் கேரளா எக்ஸ்பிரஸில் காட்பாடியிலிருந்து டெல்லி போய், அங்கிருந்து விமானம் பிடிக்கலாம். முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும், அந்தக் காலையிலேயே எடுத்துவிடுங்கள். வட இந்திய ரயில்கள் ஜனவரியில் பிந்தாத நாள் அபூர்வம். ஆகவே கட்ராவில் ஓர் இரவு தங்குவதாகவே திட்டம் போடுங்கள்.

ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் 50 கிலோமீட்டருக்குச் சற்று மேல். தங்மார்க் வரை சாதாரண டாக்ஸி போகும். அங்கிருந்து மேலே ஏறும் கடைசி 13 கிலோமீட்டரில் பனி கிடந்தால், டயரில் சங்கிலி கட்டிய வண்டிக்கு மாற வேண்டும். முதலில் பேசிய டாக்ஸிக்காரர் தங்மார்க்கில் இறக்கிவிட்டு, மேலே போக வேறு வண்டி, வேறு பணம் என்பார். அது ஏமாற்று இல்லை, அங்குள்ள நடைமுறை. ஸ்ரீநகரிலேயே இரண்டு பகுதிக்கும் சேர்த்துத் தொகையைப் பேசிக்கொண்டால் மனக்கசப்பு வராது.

கிளம்பும் முன் இரண்டு விஷயம். ஜம்மு காஷ்மீரில் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது. குடும்பத்தில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இணைப்பு இருக்கட்டும். பாதுகாப்பு நிலவரத்தைப் பொறுத்து சில இடங்களைத் திடீரென மூடுவார்கள். ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பதிவு செய்யுங்கள்.

சோளிங்கர் படிக்கட்டு

இந்த ஒன்றைத்தான் யாரும் சொல்வதில்லை, எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான். வேலூர் கடல்மட்டத்திலிருந்து 220 மீட்டர் அளவில் இருக்கும் வெயில் ஊர். நாம் வண்டியில் போய் வண்டியில் வருகிறவர்கள். அந்தக் கால்களை அப்படியே கொண்டுபோய் ஸ்கீயில் பூட்டினால் இரண்டாம் நாள் மாலையே தொடை நடுங்கும். தொடை நடுங்கும்போதுதான் முழங்கால் முறுக்கிக்கொள்ளும்.

பனிச்சறுக்கில் தொடை செய்யும் வேலை, ஏறும்போது செய்யும் வேலை இல்லை. இறங்கும்போது செய்யும் வேலை. முழங்கால் மடங்கிய நிலையில் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டும். அதற்கு நம் பக்கத்திலேயே, ராணிப்பேட்டை மாவட்டத்தில் ஒரு அருமையான இடம் இருக்கிறது. சோளிங்கர் பெரிய மலை, 1,305 படி. இப்போது ரோப் கார் வந்துவிட்டதால் எல்லாரும் அதில் ஏறி இறங்குகிறார்கள். நீங்கள் வேண்டுமானால் ரோப் காரில் ஏறி, நரசிம்மரைப் பார்த்துவிட்டு, படியில் மெதுவாக இறங்குங்கள். ஒவ்வொரு படியிலும் முழங்காலை லேசாக மடக்கி, பாதத்தைத் தொப்பென்று போடாமல் இறக்குங்கள். மறுநாள் தொடையின் முன்பக்கம் எங்கே வலிக்கிறதோ அதே இடம்தான் குல்மார்க்கிலும் வலிக்கப்போகிறது. இங்கேயே வலித்துத் தீர்த்துக்கொள்வது நல்லது.

கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்து வாரம் ஒரு நாள் சோளிங்கர் அல்லது ஏலகிரியில் சுவாமி மலை நடை. மற்ற நாளில் வீட்டிலேயே சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இருப்பதாக நினைத்து உட்கார்ந்து நிற்பது. முதலில் அரை நிமிடம், போகப்போக இரண்டு நிமிடம் வரை. பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள், சமநிலைக்கு நல்லது. கோட்டை அகழியைச் சுற்றி காலையில் நடப்பவர்கள் அதைத் தொடரலாம், மூச்சுக்கு உதவும். ஆனால் சமதரை நடை மட்டும் போதாது.

நாற்பது வயது தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் தொந்தரவு உள்ளவர்கள் ஒரு தடவை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். மருத்துவத்துக்கு நாடே தேடி வரும் ஊரில் இருந்துகொண்டு அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்கள் மறக்கக் கூடாதது: மருந்து உறைந்தால் கெட்டுவிடும். பையில் வைக்காமல் சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை பார்க்கும் கருவியும் கடுங்குளிரில் சரியாகக் காட்டாது, அறைக்குள் வந்து பாருங்கள்.

இன்னொரு வழிகாட்டி உங்கள் தெருவிலேயே இருக்கலாம். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்தில் இருக்கும் ஊர்கள் நம் பக்கம் உண்டு. காஷ்மீரிலும் லடாக்கிலும் பனிக்காலம் கழித்தவர்களை அங்கே எளிதாகப் பார்க்கலாம். 1948இல் ராணுவம் தொடங்கிய பனிச்சறுக்குப் பள்ளிதான் இப்போது உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியாகக் குல்மார்க்கில் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஒரு ஹவில்தார் மாமாவிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து, குளிரில் காலை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேளுங்கள். சாக்ஸ் நனைந்தால் உடனே மாற்று, வேர்க்கும் அளவுக்குப் போர்த்தாதே, தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடி என்று அவர் சொல்வதெல்லாம் பனிச்சறுக்குக்கும் அப்படியே பொருந்தும்.

உடை

மூன்று அடுக்கு என்பது கணக்கு. உடம்பை ஒட்டித் தெர்மல், அதன் மேல் ஃப்ளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் தண்ணீரும் புகாத ஜெர்கினும் பேன்ட்டும். மேல் அடுக்கு இரண்டையும் வாங்க வேண்டாம், குல்மார்க்கிலேயே வாடகைக்குக் கிடைக்கும். ஊரில் வாங்க வேண்டியது உடம்பை ஒட்டியவை மட்டும். தெர்மல் லாங் பஜார் பக்கமே கிடைக்கும். பருத்தி கலக்காததாகப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் பருத்தி தெய்வம், பனியில் எதிரி. வேர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, நின்ற அடுத்த நிமிடமே உடம்பைச் சில்லிட வைத்துவிடும். பனியன்கூடப் பருத்தி வேண்டாம்.

ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்கள் வீட்டில் நல்ல தோல் ஜெர்கின் இருக்கும், அதைப் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றும். சறுக்கும்போது வேண்டாம். ஈரத்தை இழுத்துக் கனக்கும், இரவில் காயாது. ஸ்ரீநகரில் மாலை உலாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கையுறை மட்டும் தோலாக இருக்கலாம், ஆனால் உள்ளே நீர்புகாப் படலம் வைத்துத் தைத்ததாக இருக்க வேண்டும். பைக் ஓட்டும் கையுறை ஒரு மணி நேரத்தில் ஊறிவிடும்.

சாக்ஸ் விஷயத்தில் எல்லாரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். குளிருமே என்று இரண்டு ஜோடி மாட்டுவார்கள். ஸ்கீ பூட்ஸுக்குள் ரத்த ஓட்டம் தடைபட்டு விரல் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும். முழங்கால் வரை வரும் கம்பளிக் கலப்பு சாக்ஸ் ஒரே ஒரு ஜோடி. சென்னை, பெங்களூர் விளையாட்டுக் கடைகளில் பனிச்சறுக்குக்கென்றே விற்கிறார்கள். நாளுக்கு ஒன்று என்று எடுத்துப் போங்கள்.

கண்ணுக்கு நல்ல காகிள்ஸ். புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், ஆயிரம் மீட்டர் ஏற ஏற அந்தக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். வெயிலிலேயே வளர்ந்த தோல்தானே என்று சன்ஸ்கிரீனை விட்டுவிடாதீர்கள். வெளிச்சம் கீழிருந்து மேலே வருவதால் தாடைக்கு அடியிலும் மூக்குக்குக் கீழேயும் தடவ வேண்டும். கண்ணாடி போடுகிறவர்கள் அதன் மேலேயே மாட்டும் பெரிய காகிள்ஸ் கேளுங்கள்.

பூட்டும் ஸ்கீயும்

வாடகைக் கடையில் நீங்கள் செலவழிக்கும் அரை மணி நேரம்தான் அடுத்த ஐந்து நாளையும் தீர்மானிக்கும். அவசரப்படுத்தினாலும் அசையாதீர்கள்.

பூட் கெட்டி பிளாஸ்டிக். சாதாரண ஷூ எண் சொன்னால் போதாது, மாட்டிப் பார்க்க வேண்டும். தெர்மலின் கால் பகுதியை மேலே இழுத்துவிடுங்கள். சாக்ஸைத் தவிர வேறெதுவும் பூட்டுக்குள் போகக் கூடாது, ஒரு மடிப்புக்கூடத் தாங்காது. காலை நுழைத்துக் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி பின்னால் உட்கார வையுங்கள். முழங்காலை முன்னே தள்ளியபடி மேல் பக்கிள்களை முதலில் போடுங்கள், பாதத்தின் மேல் இருப்பவை லேசாக இருந்தால் போதும். நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்னால் தொட வேண்டும், முழங்காலை மடக்கியதும் தொடுவது விலக வேண்டும். குதிகால் மேலே எழும்பினால் பூட் பெரியது. கெண்டைக்காலின் முன் எலும்பு பூட்டின் நாக்கில் பட்டையாக அழுந்த வேண்டும், ஒரு புள்ளியில் குத்தக் கூடாது. கடைக்குள்ளேயே பத்து நிமிடம் நடந்து பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லுங்கள். வலிக்கிற பூட் போகப்போகப் பழகும் என்று சொன்னால் கேட்காதீர்கள். மாற்றுங்கள்.

ஸ்கீ உங்கள் தாடை உயரம் இருந்தால் போதும். நீளம் கூடினால் வேகம் கூடும், திருப்புவது சிரமம். பூட்டை ஸ்கீயோடு பிடித்திருக்கும் பைண்டிங்கை, விழுந்தால் தானாகக் கழன்றுகொள்ளும்படி உங்கள் எடை, உயரம், வயது, திறமை எல்லாம் பார்த்துத்தான் திருகி வைக்க வேண்டும். எடையைக் கேட்காமல் ஸ்கீயைக் கையில் கொடுக்கும் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். கழல வேண்டிய நேரத்தில் கழலாத பைண்டிங் முழங்கால் தசைநாரை அறுத்துவிடும். ஹெல்மெட் கட்டாயம்.

பயிற்சியாளர்

டாக்ஸி நின்றதும் கைடு, ஸ்லெட்ஜ், குதிரை, ஸ்கீ என்று பத்துப் பேர் சூழ்வார்கள். அவர்களுக்கு அது பிழைப்பு, மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடங்கள். பயிற்சியாளரை முன்கூட்டியே தங்கும் விடுதி மூலமோ பயிற்சி நிறுவனம் மூலமோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பதிவு பெற்றவரா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், உபகரணமும் லிஃப்ட் கட்டணமும் சேர்த்தா, எத்தனை பேருக்கு ஒருவர் என்பதையெல்லாம் பேசி வாட்ஸாப்பில் எழுதி வாங்குங்கள்.

அங்கே உருதும் இந்தியும் ஓடும். நம் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்து நண்பர் ஒருவர் குழுவில் இருந்தால் பாதிச் சிரமம் தீர்ந்தது. வீட்டில் பேசும் உருதிலேயே அவர் எல்லாவற்றையும் முடித்துவிடுவார். அப்படி யாரும் இல்லாவிட்டாலும் கவலை இல்லை, பயிற்சிக்கு வேண்டிய ஆங்கிலம் அவர்களிடம் உண்டு.

முதல் நாட்கள்

முதல் நாள் காலை மலையே தெரியாது. சமதரையில் ஒரு காலில் மட்டும் ஸ்கீ மாட்டி நகர்வது, பக்கவாட்டில் அடியெடுத்து ஏறுவது, விழுவது, எழுவது. பூட்டின் அடியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, முன்பக்கத்தை முதலில் செருகி, குதிகாலை அழுத்தினால் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். அந்தச் சத்தம் வராமல் நகராதீர்கள். எழும்போது இரண்டு ஸ்கீயும் சரிவுக்குக் குறுக்கே இருக்க வேண்டும். கீழ்நோக்கி வைத்துக்கொண்டு எழுந்தால் எழுந்த வேகத்தில் ஓடத் தொடங்கிவிடும்.

அப்புறம் வேகத்தைக் குறைக்க முன்முனைகளைச் சேர்த்துப் பின்முனைகளை விரிக்கும் நிலை. பயிற்சியாளர்கள் பீட்சா என்று கத்துவார்கள், முக்கோணத் துண்டு வடிவம் அது. பயம் வந்தவுடன் உடம்பு பின்னால் சாயப் பார்க்கும். எல்லாருக்கும் வரும் இயல்பு, அதுதான் கெடுப்பதும். பின்னால் சாய்ந்தால் ஸ்கீயின் முன்பகுதி பிடிப்பை இழக்கும், திரும்பாது, நிற்காது. பயம் வரும்போதெல்லாம் கைகளை முன்னே நீட்டி, முன் எலும்பைப் பூட்டில் அழுத்துங்கள். இந்த ஒன்று பிடிபட்ட நாளில் பனிச்சறுக்கு பிடிபட்டுவிடும்.

விழப்போகிறோம் என்று தெரிந்தால் பக்கவாட்டில், மேட்டுப் பக்கமாக விழுங்கள். கையிலுள்ள கோல்களை விட்டுவிடுங்கள், இறுகப் பிடித்தபடி விழுந்தால் கட்டைவிரல் பிசகும்.

இரண்டாம், மூன்றாம் நாளில் திரும்பப் பழகுவீர்கள், இழுவை லிஃப்டில் ஏறுவீர்கள். மூன்றாம் நாள் மதியம் உடம்பு தீர்ந்துபோயிருக்கும், மனசு மட்டும் இன்னும் ஒரு சுற்று என்று கேட்கும். போகாதீர்கள். களைத்த காலோடு போகும் அந்தச் சுற்றில்தான் அடிபடும். அன்று மதியம் சூடாகக் கஹ்வா குடித்துவிட்டுப் படுத்துவிடுங்கள். நான்காம் நாள் காலையில் நேற்று வராத திருப்பம் தானாக வரும்.

சரிவில் ஒரு சட்டம் உலகம் முழுக்க ஒன்றுதான்: கீழே இருப்பவருக்கே முன்னுரிமை. மேலிருந்து வருகிறவர்தான் விலக வேண்டும். நடுச் சரிவில், வளைவுக்குக் கீழே நின்று போட்டோ எடுக்காதீர்கள். ஓரமாகப் போய் நில்லுங்கள்.

கோண்டோலா

கோண்டோலாவின் முதல் கட்டம் கொங்டூரி வரை, சுமார் 3,080 மீட்டர். இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டர் வரை போகும். டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். காற்று பலமாக அடித்தாலோ பனி கொட்டினாலோ மேல் கட்டத்தை மூடிவிடுவார்கள். அதற்காகச் சண்டை போடுவதில் பயனில்லை.

புதியவர்கள் இரண்டாம் கட்டத்துக்கு வேடிக்கை பார்க்கப் போகலாம், ஸ்கீயோடு போகக் கூடாது. மேலே இருப்பது சமன்செய்யப்பட்ட சரிவு இல்லை, பனிச்சரிவு நடக்கும் திறந்த மலை. 2024 பிப்ரவரியில்கூட அங்கே வெளிநாட்டுப் பனிச்சறுக்கு வீரர் ஒருவர் பனிச்சரிவில் இறந்தார். அங்கே இறங்குகிறவர்கள் இருப்பிடம் காட்டும் கருவி, மண்வாரி, துழாவும் கம்பி மூன்றும் கொண்டு, அனுபவமுள்ள கைடோடு போகிறார்கள். கூட வந்தவர்களில் யாராவது தைரியமாக, போய்த்தான் பார்ப்போமே என்றால் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். மேலே தலை வலித்தாலோ குமட்டினாலோ அடுத்த பெட்டியிலேயே கீழே இறங்குவதுதான் மருந்து. குல்மார்க் வந்து சேர்ந்த அன்றே மேலே போகாமல், ஒரு இரவாவது தூங்கிவிட்டுப் போங்கள்.

அறையும் சாப்பாடும்

அறையைப் பதிவு செய்யும்போது படுக்கையில் மின்போர்வை உண்டா, சூடு எத்தனை மணி வரை ஓடும், மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா, வெந்நீர் எப்போது என்று கேளுங்கள். குழாயில் தண்ணீர் உறைவது சாதாரணம். விறகு போடும் புகாரி அடுப்போ கேஸ் ஹீட்டரோ இருந்தால் தூங்கும்போது அணைத்துவிட்டு, ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். மூடிய அறையில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. காஷ்மீரில் அதனால் குடும்பம் குடும்பமாக இறந்திருக்கிறார்கள்.

சாப்பாட்டுக்கு நாம் அலைய வேண்டியதில்லை. காஷ்மீரிகள் நம்மைப் போலவே சோறு சாப்பிடுகிறவர்கள். சைவக்காரர்களுக்கு ராஜ்மா, ஹாக் கீரை, தாமரைத்தண்டுக் குழம்பு. ஆம்பூர் பிரியாணியில் வளர்ந்த நாக்குக்கு ரோகன் ஜோஷும் குஷ்தாபாவும் காரம் குறைவாகத் தெரியும், ஊறுகாய் ஒரு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ஏடிஎம்களை நம்பாமல் ரொக்கமும் கொஞ்சம் வேண்டும். போனை உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும்.

திரும்பும் நாள்

விமானம் இருக்கும் நாளன்று காலை ஒரு சுற்று சறுக்கிவிட்டுக் கிளம்பலாம் என்று திட்டம் போடாதீர்கள். இரவில் பனி கொட்டினால் தங்மார்க் சாலை மதியம் வரை திறக்காது. முந்தைய நாளே ஸ்ரீநகருக்கு இறங்கி ஓர் இரவு தங்குங்கள். ஸ்ரீநகர் விமானநிலையத்தில் வாசலுக்கு வெகு முன்பிருந்தே சோதனை தொடங்கும். பெட்டிகளை இறக்கி ஏற்றுவதிலேயே நேரம் போகும், மூன்று மணி நேரம் முன்பாகப் போய்ச் சேருங்கள். வாடகைக்கு எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும்போது கட்டிய முன்பணத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஈரத் துணியைத் தனியாகப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்து வந்து, காட்பாடியில் இறங்கிய அன்றே மொட்டைமாடியில் காயப்போட்டுவிடுங்கள்.